ஆடிப்பட்டத்து மாடித்தோட்டம்: நேரடி விதைப்பா நாற்றா, கோகோபீட்டா செம்மண்ணா, நாட்டு விதையா ஒட்டு விதையா?

ஆடி பிறந்ததும் மாடியில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த உரம் நல்லது என்றுதான். உரத்துக்கு வேலை வர இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. ஜூலை நடுவில் தொடங்கும் முதல் நாற்பது நாளில் செடி பிழைப்பதும் சாவதும் விதையை எங்கே ஊன்றினோம், எதில் ஊன்றினோம், எந்த விதையை ஊன்றினோம் என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றிலும் கடையில் போட்டி போட்டுக்கொண்டு விற்கிறார்கள். விலை கூடினது எல்லாம் உங்கள் மாடிக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. செடியின் வேர் இடமாற்றம் தாங்குமா, மத்தியானம் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாங்கப் போனால் பாதிச் செலவு மிச்சம்.

நேரடி விதைப்பும் நாற்றும்

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, கொத்தமல்லி இவற்றுக்கு நாற்றுவிடுவது வீண் வேலை. முளைத்ததும் ஆணிவேர் நேராக இறங்குகிற செடிகள் இவை. வெண்டையைச் சிறு குழியில் பத்து நாள் வைத்துவிட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் வளைந்துவிடும். செடி சாகாது, ஆனால் குட்டையாகவே நின்று நாலு காய் காய்க்கும். இவற்றை நேராகச் செடி வளர்க்கும் பையிலேயே ஊன்றுங்கள்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நேர்மாறு. பிடுங்கி நடும்போது சில வேர்கள் அறுந்தால் பக்கவேர் கூடுதலாக விடும். விதையும் பொடி, பெரிய பையில் நேராகத் தூவினால் பூவாளித் தண்ணீரிலேயே ஓரத்துக்குப் போய்விடும். இவற்றுக்கு நாற்றுதான் சரி. தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள் நாற்றாக இருக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் நட ஆசைப்பட்டால் ஒன்று முற்றிப்போகும், இல்லையென்றால் ஒன்று பிஞ்சாக இருக்கும்.

பந்தல் காய்கள்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பாகல், புடலை, பீர்க்கன், சுரை எல்லாம் வேர் அசைந்தால் முகம் சுளிக்கிற குடும்பம். நேரடியாக ஊன்றுவதே மேல். ஆனால் மாடியில் அணிலும் மைனாவும் விதையைத் தோண்டி எடுக்கும். தப்பி முளைத்த இளம் இலையைச் சிவப்புப் பூசணி வண்டு சல்லடையாக்கும். அடி வெட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தால் இரண்டுக்கும் தடை. மூடியோடு வைத்தால் வெயிலில் உள்ளே நாற்று அவிந்துவிடும். இந்தக் காவலுக்கு நேரமில்லை என்றால் காகித டீ கப்பில் ஒரு விதை போட்டு, வித்திலைக்குப் பிறகு இரண்டாவது நிஜ இலை வந்ததும் கப்பின் அடியைக் கிழித்துவிட்டு மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். பதினைந்து நாளுக்கு மேல் கப்பில் வைக்க வேண்டாம்.

ஊறவைப்பதிலும் எல்லா விதைக்கும் ஒரே கணக்கு போடக்கூடாது. வெண்டைக்கு ஓர் இரவு. பாகல் ஓடு கெட்டி, ஒரு நாள் முழுக்க ஊறி ஈரத்துணியில் முளை தெரிந்த பிறகு ஊன்றினால் முளைக்கும் நாளில் பாதி மிச்சமாகும். அவரை, கொத்தவரையை மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் பருப்பு பிளந்து அழுகும். ஆழம் அதிகம் வேண்டாம்: வெண்டைக்கு 2 செ.மீ., சுரைக்கு 2 முதல் 3 செ.மீ. கீரை விதையைப் பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய அடுக்காக மண் போட்டால் போதும். எறும்பு கீரை விதையை இரவோடு இரவாக இழுத்துப் போய்விடும். பையின் ஓரத்தில் கொஞ்சம் அரிசி மாவு போட்டு வைப்பது பழைய தந்திரம், எறும்பு அதில் ஈடுபட்டு விதையை விட்டுவிடும்.

குழித்தட்டா, டீ கப்பா, நர்சரி நாற்றா

நாற்றுவிட 98 சிறு குழிகளோடு வரும் குழித்தட்டைப் பார்த்தால் கை அரிக்கும். ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பிடிக்கும், நாற்றுகள் ஒரே உயரத்தில் எழும், வேர்க்கட்டி முழுசாகக் கழலும். ஏக்கர் கணக்கில் நடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மாடியில் பத்துக் கத்தரி, பத்து மிளகாய் வைக்கிறவருக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு குழியிலும் இருப்பது இரண்டு மூன்று மேசைக்கரண்டி கோகோபீட். ஆடிக் காற்றில் அது அரை நாளில் காய்ந்துவிடும். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அலுவலகம் போய்ச் சாயங்காலம் வந்தால் நாற்று படுத்திருக்கும். வீட்டில் ஆள் உண்டென்றால் குழித்தட்டு. இல்லையென்றால் 150 மி.லி. காகிதக் கப்புதான் உங்கள் நாற்றங்கால். அடியில் மூன்று துளை குத்தி, பத்துக் கப்பை ஒரு தட்டில் அடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஈரம் தாங்கும்.

எதில் விதைத்தாலும் மிளகாய்க்கு ஒரு குழிக்கு இரண்டு விதை. சான்று விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் கத்தரி, தக்காளிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் என்றுதான் தரம் வைத்திருக்கிறார்கள். பத்துக்கு ஆறு முளைத்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். விதைத்த தட்டைப் பாலித்தீன் தாளால் மூடி வைப்பது முளைப்பை வேகப்படுத்தும். முதல் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டுவிடும், பிறகு அதை எந்த வெயிலும் நிமிர்த்தாது.

நாற்று மண்ணோடு சேரும் இடத்தில் தண்டு தண்ணீராகி மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சை. அடர்த்தியாக விதைப்பது, இரவில் தண்ணீர் ஊற்றுவது, வடியாத தட்டு ஆகியவை அதற்கு விருந்து. கலவையில் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைத்து, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் வராது. இளஞ்சிவப்பு நிறம் பூசிய விதை வாங்கியிருந்தால் அதன் மேல் டிரைக்கோடெர்மா பூசி நேர்த்தி செய்வது வீண். அந்த நிறத்தோடு இருக்கும் பூஞ்சைக்கொல்லி இதையும் கொன்றுவிடும்.

நர்சரி நாற்று ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும், மறுப்பதற்கில்லை. ஆடியைத் தவறவிட்டு ஆகஸ்ட் கடைசியில் விழித்துக்கொண்டவர்களுக்கு அதுதான் வழி. வாங்கும்போது பூவோடு நிற்கும் நாற்றைத் தேடிப் போகாதீர்கள்; சின்னக் குழியில் நெருக்கடி தாங்காமல் பூத்த நாற்று அது. நாலைந்து இலை, பென்சில் முனைப் பருமனில் தண்டு, இழுத்துப் பார்த்தால் வெள்ளை வேர் இருந்தால் போதும். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ ஒன்று பறந்தாலும் விட்டுவிடுங்கள். தக்காளியில் இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவருவது அதுதான். ஒரு நாற்றோடு வந்தால் மாடி முழுக்கப் பரவும். நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை வாங்கிய அன்றே மொட்டை வெயிலில் நட்டால் இலை வெளுக்கும். ஐந்து நாள் காலை வெயில் மட்டும் காட்டி, பிறகு ஒரு சாயங்காலத்தில் நடுங்கள். தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலேயே வேர் விடும். கத்தரி, மிளகாயைத் தட்டில் இருந்த ஆழத்திலேயே வையுங்கள்.

கோகோபீட்டா, செம்மண்ணா

இதில்தான் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். மண்ணே தொடாமல் கோகோபீட்டும் மண்புழு உரமும் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், மண் இல்லாமல் என்ன விவசாயம் என்பவர்கள் ஒரு பக்கம். முதலில் எடையைப் பார்ப்போம். 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை, மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். செம்மண் கூடிய கலவை நனைந்திருக்கும்போது அது 27 கிலோ வரை போகும். கோகோபீட் கூடியது 18 கிலோ. ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தரம் வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. மண்பை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து, கோகோபீட் பை என்றால் எட்டு. பழைய கட்டடம் என்றால் சுவரும் உத்தரமும் போகும் ஓரத்தில் மட்டும் வரிசையாக வையுங்கள்.

ஆனால் எடை குறைவது எல்லா ஊரிலும் லாபமில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, திருப்பூர் பக்கத்தில் ஓரடி வளர்ந்த வெண்டையோடு கோகோபீட் பை சாய்ந்து கிடப்பது சாதாரணம். அங்கே செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1, கோகோபீட் 1. சென்னையில் காற்றைவிட வெயிலும் மாடிச் சுமையும்தான் கவலை. அங்கே கோகோபீட் 2, மண்புழு உரம் 1, செம்மண் 1. அந்த ஒரு பங்கு மண்ணை விட்டுவிடாதீர்கள். கோகோபீட் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சத்து என்று பெரிதாக எதையும் தராது. போதாததற்கு அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் அடி இலை மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான், நோயால் அல்ல. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் ஒரு வாரத்தில் புது இலை பச்சையாக வரும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இலைவழியாக 3 சதவீதப் பஞ்சகவ்யம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி., இந்த மஞ்சளுக்குத் தனியாகப் போதாது.

கோகோபீட்டின் இன்னொரு குறை உப்பு. 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டராக விரியும். அந்த முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், அதை வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை அலசிய பிறகு, பிழிந்த கோகோபீட் ஒரு குவளைக்கு ஒன்றரைக் குவளை தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து வடிகட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரை விடுங்கள். ஊற்றும் முன் அந்தத் தண்ணீர் மீட்டரில் காட்டிய எண்ணைவிட 500-க்கு மேல் கூடியிருந்தால் இன்னொரு முறை அலச வேண்டும். அலசாமல் விதைத்தால் முளை வந்து இலை நுனி கருகும்.

செம்மண்ணில் வேறு சிக்கல். பையில் ஆழம் குறைவு, தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறுகிக்கொண்டே போகும். ஈரக் கலவையை உருண்டை பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் சரி; உதிராமல் உருண்டையாகவே இருந்தால் கோகோபீட்டோ மணலோ கூட்டுங்கள். எந்தக் கலவையானாலும் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, நனைத்து, ஏழு முதல் பத்து நாள் சும்மா வைத்த பிறகே விதையுங்கள். புதிதாகக் கலந்த புண்ணாக்கு மட்கும் சூட்டில் விதை முளைக்காது, முளைத்தாலும் வேர் கருகும்.

பையா, பெயின்ட் வாளியா, சிமென்ட் தொட்டியா என்ற சண்டை பெரிதில்லை. தடிமனான எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலித்தீன்) பை சில ஆண்டு உழைக்கும், மெல்லிய பாலித்தீன் பை இரண்டாவது கோடையில் பொடியாக உதிரும். 20 லிட்டர் பெயின்ட் வாளி இலவசமாகக் கிடைத்தால் அதுவே போதும். துளையை அடியில் போடாமல் பக்கவாட்டில் அரை அங்குல உயரத்தில் நாலைந்து போடுங்கள். சிமென்ட் தொட்டி தானே பெரும் எடை, மாடிக்கு வேண்டாம். எதை வைத்தாலும் அடியில் இரண்டு செங்கல், இல்லையென்றால் ஐப்பசி மழையில் மாடிக் கசிவுக்கு நீங்களே காரணமாவீர்கள்.

நாட்டு விதையும் ஒட்டு விதையும்

நாட்டு விதை என்றால் நோய் வராது என்பதும், ஒட்டு விதை (இரண்டு ரகங்களைக் கலந்து எடுக்கும் ஹைப்ரிட்) என்றால் விஷம் என்பதும் இரண்டுமே கதை. கத்தரியில் நாட்டு ரகமே சிறப்பு. புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரி போன்றவற்றின் ருசிக்கு ஒட்டு ரகம் ஈடில்லை, மாடியில் எத்தனை கிலோ காய்த்தது என்பதும் முக்கியமில்லை. தக்காளியில் எதிர்க்கட்சிதான் ஜெயிக்கும். வெள்ளை ஈ நிறைந்த ஊரில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். அது ஒட்டு ரகம். பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த முறை விதைத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். வெண்டையில் நோய் தாங்கும் குணமும் விதை எடுத்து வைக்கும் வசதியும் ஒன்றாகக் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் அர்கா அனாமிகா மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கக்கூடியது, ஒட்டு ரகமும் அல்ல. ஒரு செடியை விதைக்கு விட்டால் அடுத்த பட்டத்துக்கு வாங்க வேண்டாம், பக்கத்தில் வேறு வெண்டை ரகம் இல்லாதவரை.

தக்காளிக்குக் கடலோர மாவட்டங்களில் ஆடி அவ்வளவு உகந்ததும் அல்ல. ஜூலை கடைசியில் விதைத்தால் பூக்கும்போது பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டுப் பூ உதிரும். அதைத் தாண்டிக் காய்த்தால் பழுக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழை வந்து பழம் வெடிக்கும். வெண்டை, கொத்தவரை 45 நாளில் பறிப்புக்கு வந்து மழைக்கு முன் முடிந்துவிடும். கீரை 25 நாள். முதல் முறை போடுகிறவர்கள் ஆடியில் இந்த மூன்றையும் ஒரு பந்தல் காயையும் வைத்துக்கொண்டு, தக்காளியைக் கார்த்திகைக்குத் தள்ளுவது புத்தி.

விதைப் பொட்டலத்தில் பார்க்க வேண்டியது பரிசோதனை நாளும் செல்லுபடியாகும் நாளும். படத்தில் இருக்கும் காயின் பளபளப்பை அல்ல. மீதமான விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தக்காளி, கத்தரி மூன்று நான்கு ஆண்டு வரை முளைக்கும். வெங்காய விதையை மட்டும் அடுத்த ஆடிக்கு நம்பாதீர்கள்.