சோக்ச்சோவில் ஆங்கிலம் கற்பிக்க: அரசுப் பள்ளியா, ஹாக்வொனா?

தென் கொரியாவின் கிழக்குக் கரையில், சொராக் மலைக்கும் கடலுக்கும் இடையில் அமைந்துள்ள சோக்ச்சோவில் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்கின்றனர். கொரியா இரண்டாகப் பிரிக்கப்பட்ட 38ஆம் அட்சரேகைக்கு வடக்கே இருப்பதால் 1945 முதல் கொரியப் போர் வரை இவ்வூர் வட கொரிய ஆட்சியின் கீழ் இருந்தது. போரின்போது தெற்கே வந்து, எல்லை மூடப்பட்டதால் திரும்பிப் போக முடியாமற்போன ஹம்கியோங் மாகாணத்து மக்கள் இங்கே மணல்திட்டில் குடிசை போட்டுத் தங்கிய இடமே இன்றைய அபாய் குடியிருப்பு. மீன்பிடியையும் சுற்றுலாவையும் நம்பி வாழும் இந்த ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் வருகிறார்: 1995இல் தொடங்கப்பட்ட எபிக் என்னும் அரசுத் திட்டத்தின் வழியே பொதுப் பள்ளிக்கு, அல்லது ஹாக்வொன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையத்துக்கு. சியோலிலோ பூசானிலோ இவற்றுள் எதைத் தேர்வது என்பது பெரிதும் அவரவர் விருப்பம். சோக்ச்சோ போன்ற ஊரில் அப்படியன்று. ஊர் சிறியது என்பதே இரண்டு வேலைகளின் தன்மையையும் மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் பெரும்பாலும் பள்ளிக்குச் சாதகமாகவே அமைகிறது என்பது என் கணிப்பு.

யார் வரலாம் என்பதிலேயே இரு வழிகளும் பிரியத் தொடங்குகின்றன. மொழி கற்பிப்பதற்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே ஆங்கில ஆசிரியர்களாகப் பொதுவாக வழங்கப்படுகிறது. பட்டப்படிப்பும், அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசு முத்திரை) பெற்ற குற்றப்பதிவுச் சான்றும் கட்டாயம். ஆகவே டொராண்டோவிலோ டர்பனிலோ சிட்னியிலோ பிறந்து வளர்ந்த தமிழர் இரண்டு வாசல்களையும் தட்டலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் நிலை வேறு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ், ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற பட்டதாரிகள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்ற விசா விதி இடமளிக்கிறது. ஹாக்வொனுக்கு அந்த வழி இல்லை.

நிறத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹாக்வொன் பெற்றோர் கட்டும் பணத்தில் நடப்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரை அங்கே ‘வோனோமின்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளையரை மட்டுமே நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அதனால் நிழற்படத்தைப் பார்த்தே விண்ணப்பங்களைக் கழித்துவிடும் நிலையங்கள் உண்டு. எபிக் விண்ணப்பத்திலும் நிழற்படம் உண்டுதான். ஆனால் அங்கே தேர்வு நேர்காணலையும் ஆவணங்களையும் கொண்டு நடக்கிறது. யார் வர வேண்டும் என்பதைத் தனிப்பட்ட பள்ளி தீர்மானிப்பதில்லை. ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர் தன் நிறத்துக்காக ஒதுக்கப்படுவது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகவே படுகிறது. அதனால் இந்த வேறுபாட்டை நான் சிறியதாக எண்ணவில்லை.

சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் தொடக்க நிலையினருக்குப் பெரும்பாலும் மாதம் 20 இலட்சத்துக்கும் 30 இலட்சத்துக்கும் இடைப்பட்ட வோன் கிடைக்கும். தங்குமிடமும் வழக்கமாகச் சேர்ந்தே வரும்.

நேரம்தான் வாழ்க்கையைப் பிரிக்கிறது. எபிக் ஆசிரியர் காலை எட்டரை மணியளவில் பள்ளிக்குப் போய் மாலை நாலரைக்கு வெளியே வருகிறார். வாரத்துக்கு 22 பாடவேளைகள். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம் மட்டுமே. ஹாக்வொனில் பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகே பிள்ளைகள் வருவதால் வேலை மதியத்துக்குப் பின் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை நீளும். வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பெடுப்பது அங்கே இயல்பு. பெருநகரத்தில் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தாலும் சாப்பிடவும் நண்பர்களைப் பார்க்கவும் இடம் இருக்கும். சோக்ச்சோவில் சுற்றுலாப் பயணிகள் போன பின் அந்த நேரத்தில் தெருக்கள் அடங்கிவிடும். ஆயினும் ஹாக்வொன் ஆசிரியருக்கு ஒரு பெரும் பேறு உண்டு. வார நாள் காலைகள் முழுவதும் அவருடையவை. வார இறுதியில் சியோல் கூட்டம் மொய்க்கும், சொராக் மலையிலுள்ள உல்சான் பாறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் ஏறி, மதிய உணவுக்கு வீடு திரும்பி, பிறகு வகுப்புக்குப் போக முடியும். மலையேற்றத்துக்காகவே இந்த ஊரை நாடுபவர் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

விடுமுறையில் பள்ளி வெகுவாக முந்துகிறது: எபிக் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 26 வேலைநாள்கள், ஹாக்வொனில் பெரும்பாலும் பத்தையொட்டிய நாள்கள். சியோலுக்கே பேருந்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும் ஊரில் இருந்துகொண்டு தாய்நாட்டுக்கு வந்துபோக நினைப்பவருக்குப் பத்து நாள் போதாது.

கற்பிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹாக்வொன் சிறந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பிள்ளைகளைத் தரம் பார்த்துச் சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். அதே பிள்ளைகளை வாரத்துக்குப் பலமுறை பார்க்கலாம். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளை சில மாதங்களில் பத்தி பத்தியாகப் படிப்பதைக் கண்ணால் காணலாம். பொதுப் பள்ளியில் 3ஆம் வகுப்பு முதல் ஆங்கிலம் பாடமாக உள்ளது. ஆனால் ஒரே வகுப்பறையில் ஹாக்வொனில் ஆண்டுக்கணக்கில் படித்த பிள்ளையும், பெற்றோருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாததால் எழுத்தே தடுமாறும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். வோனோமின் ஆசிரியர் பல வகுப்புகளை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். கொரிய இணையாசிரியரோடு சேர்ந்தே பாடம் நடத்துகிறார். இணையாசிரியர் நல்லவராக வாய்த்தால் வங்கிக் கணக்கிலிருந்து பல் மருத்துவர் வரை எல்லாம் எளிதாகும்; இல்லையென்றால் அந்த ஓராண்டு நீளமானதாகத் தோன்றும். இருந்தும், வேறெங்கும் ஆங்கிலம் பேசும் மனிதரைச் சந்திக்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்காகவே போக வேண்டும் என்று நினைப்பவர் பள்ளியையே தேர்வார்.

நான் பள்ளியின் பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் சட்டம். கொரியத் தொழிலாளர் சட்டத்தில் ஊழியர் எண்ணிக்கை 5 என்பது முக்கியமான கோடு. அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு, காரணமின்றி வேலைநீக்கம் செய்வதற்கு எதிரான பாதுகாப்பு, சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, மிகைநேர ஊதிய உயர்வு ஆகியவை பொருந்துவதில்லை. சியோலின் பெரிய ஹாக்வொன்கள் இந்தக் கோட்டை எளிதில் தாண்டிவிடும். சிற்றூரிலோ உரிமையாளரும் அவர் மனைவியும் ஒரு கொரிய ஆசிரியரும் நீங்களும் மட்டுமே இருக்கும் நிலையம் அரிதன்று. ஓராண்டு முடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை ஓய்வுத்தொகையாகத் தரும் கடமை மட்டும் 2010 டிசம்பர் முதல் மிகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்தத் தொகையைக் கொடுக்காமலிருக்கவே பதினோராம் மாதத்தில் ஆசிரியரை அனுப்பிவிடும் வழக்கம் ஹாக்வொன் ஆசிரியரிடையே நன்கு அறியப்பட்டது.

ஊழியரை ஊழியர் என்று பதியாமல் ‘சுயதொழில் செய்பவர்’ என்று பதிந்து, சம்பளத்தில் 3.3 விழுக்காடு மட்டும் வரியாகப் பிடிக்கும் நிலையங்களும் உண்டு. கையில் வரும் தொகை கூடுதலாகத் தெரிவதால் புதியவர்கள் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் உரிமையாளர் செலுத்த வேண்டிய பாதி அங்கே மறைந்துவிடுகிறது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாடு திரும்பும்போது ஓய்வூதியச் சேமிப்பை மொத்தமாகத் திரும்பப் பெறலாம் என்பதால் இழப்பு அவர்களுக்கு இன்னும் பெரிது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இ-2 விசா வேலை தருபவரோடு கட்டப்பட்டது. ஒப்பந்தத்தின் நடுவில் இடம் மாற அவருடைய விடுவிப்புக் கடிதம் தேவை. பெருநகரத்தில் கடிதம் கிடைத்தால் அடுத்த தெருவிலேயே வேறு வேலை இருக்கலாம். சோக்ச்சோவில் ஹாக்வொன்கள் சிலவே. உரிமையாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். தென் கொரியாவின் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 2023இல் 0.72 ஆக இறங்கியிருக்கும்போது, சிறு ஊர்களில் பயிற்சி நிலையம் மூடப்படுவதும் எதிர்பாராத ஒன்றன்று.

அதே பிள்ளைப் பற்றாக்குறை பள்ளி ஆசிரியரையும் தொடுகிறது. ஆனால் வேறு விதத்தில்: வேலை போவதில்லை, அலைச்சல் கூடுகிறது. ஒரு பள்ளியில் போதுமான வகுப்புகள் இல்லாததால் வாரத்தில் இரண்டு, மூன்று பள்ளிகளுக்குப் பேருந்தில் மாறி மாறிப் போக நேரிடும். பிள்ளைகள் வராத விடுமுறை நாள்களில் மேசையில் வெறுமனே அமர்ந்திருக்கச் சொல்வதும் உண்டு.

பள்ளி வழியின் பெருங்குறை இடத்தேர்வு. எபிக் விண்ணப்பத்தில் மாகாணத்தை விரும்பிக் கேட்கலாம். நகரத்தை உறுதியாகப் பெற முடியாது. சோக்ச்சோ அமைந்துள்ள கங்வொன் மாகாணத்தைக் கேட்பவர் கடல் தெரியாத ஹ்வாச்சொனுக்கோ, பழைய நிலக்கரி நகரமான தெபெக்குக்கோ அனுப்பப்படலாம். கடற்கரை ஊர் ஏதாவது ஒன்று போதும் என்பவருக்கு இது தாங்கக்கூடியதே. சோக்ச்சோவே வேண்டும் என்பவருக்கு, எடுத்துக்காட்டாகத் துணைவர் அங்கே வேலை பார்ப்பவருக்கு, உறுதியான வழி ஹாக்வொன்தான்.

அப்படிப் போகிறவர் கையெழுத்திடும் முன் நான்கு செய்திகளை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: நிலையத்தில் ஊழியர் எத்தனை பேர், தேசிய ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் பதிவு உண்டா, வகுப்பு நேரம் வாரத்துக்கு எவ்வளவு, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க நேர்ந்தால் விடுவிப்புக் கடிதம் கிடைக்குமா. முன்பு அங்கே பணியாற்றிய ஆசிரியரோடு தனியாகப் பேச வாய்ப்புக் கேட்க வேண்டும். அதற்கு உரிமையாளர் தயங்கினால், துறைமுகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.