பாலைவன மரம் பாக்க எங்க போலாம்: சொகோத்ராவா, நமீபியாவா, கலிஃபோர்னியாவா?

பாலைவனம்னா ஒட்டகம், மணல், சன்செட் போட்டோ அவ்ளோதான்னு நெனைக்கறவங்களுக்கு இது செட் ஆகாது. மரம் பாக்கறதுக்குன்னே டிக்கெட் போடற ஒரு கூட்டம் இருக்கு, நானும் அந்தக் கூட்டம் தான். எங்களுக்குள்ள எப்ப பேச்சு வந்தாலும் சண்டை மூணு இடத்தைச் சுத்தியே ஓடும். ஏமனோட சொகோத்ரா தீவு, நமீபியா, அமெரிக்கால ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க். மூணுக்கும் ஆதரவா ஆள் இருக்கு, மூணு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். மரத்தை மட்டும் பாத்தா சொகோத்ராவை அடிச்சுக்க ஆளே இல்ல, ஆனா கையில இருக்கறது இந்திய பாஸ்போர்ட்டு, லீவு லிமிட்டு, கூட வீட்டுல ஒருத்தர் வர்றாங்கன்னா நமீபியா தான். கலிஃபோர்னியாவுக்குன்னு தனியா ஃப்ளைட் ஏறாதீங்க, ஏற்கனவே அந்தப் பக்கம் போற வேலை இருந்தா மட்டும் விடாதீங்க.

சொகோத்ரால இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் போன்ல வால்பேப்பரா வெச்சிருக்கறது அந்த மரத்தைத் தான். டிராகன்ஸ் பிளட் ட்ரீ, காத்துல திருப்பிக்கிட்ட குடை மாதிரி இருக்குமே, அது. போட்டோல தெரியாதது என்னன்னா அடியில நின்னு அண்ணாந்து பாத்தா தான் அந்த மரத்தோட வேலையே புரியும், ஒரு தண்டு ரெண்டாப் பிரிஞ்சு அது ரெண்டும் நாலாப் பிரிஞ்சு அப்படியே போயிட்டே இருந்து கடைசி நுனில மட்டும் கத்தி மாதிரி இலைக்கொத்து, நடுவுல ஒரு இலை கூட கிடையாது, ஆனா மேல வானமே தெரியாத அளவுக்கு அடைச்சுக்கிட்டு நிக்கும். மழை கம்மியான மலைல மூடுபனி வர்றப்ப அந்த இலைங்க ஈரத்தைப் பிடிச்சு கிளை வழியா அடிமரத்துக்கு இறக்குது, விழுந்த தண்ணி வெயில்ல காயாம இருக்க அதே குடை நிழலும் குடுக்குது. பட்டைல கீறல் இருக்கற இடத்துல கருஞ்சிவப்பா பிசின் உறைஞ்சு நிக்கும். அதைத் தான் சாயத்துக்கும் மருந்துக்கும் காலங்காலமா வித்திருக்காங்க.

தீவுல டிக்சம் மேட்டுநிலம், அதை ஒட்டி ஃபிர்மிஹின் காடு, இந்த ரெண்டும் முக்கியம். மத்தது போனஸ், ஆனா போனஸே பெருசு. அங்க இருக்கற 825 தாவர வகைல 37 சதவீதம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அதுக்காகவே 2008ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. வெள்ளரி மரம்னு ஒன்னு இருக்கு, பூசணி, சுரைக்காய் குடும்பத்துல மரமா வளர்ற ஒரே ஆளு அது தான். நம்ம மொட்டை மாடி தொட்டில வளக்கற அடீனியம் அங்க பாறை இடுக்குல அண்டா சைஸுக்கு ஊதி நிக்கும், பிப்ரவரி மார்ச் பக்கம் போனா இலையே இல்லாம பிங்க் பூவா இருக்கும்.

ஒரு கவலையும் இருக்கு. ஃபிர்மிஹின்ல எல்லாமே பெரியவங்க தான், குட்டி மரத்தைத் தேடித் தேடிப் பாக்கணும். ஆடு மேய்ச்சல் அதிகம், முளைச்சு வர்றதை எல்லாம் ஆடு கடிச்சிடுது. அதுக்கு மேல 2015 நவம்பர்ல சப்பாலா, மேக்னு ரெண்டு புயல் ஒன்னு பின்னாடி ஒன்னா அடிச்சு ஏகப்பட்ட மரத்தை வேரோட சாச்சுது, 2018ல மெகுனு வேற. இப்ப வேலி கட்டி நாத்து வளக்கறாங்க, ஆனா இது மெதுவா வளர்ற மரம், நம்ம காலத்துல பலன் தெரியாது.

சரி, போறது எப்படி? சிக்கலே அங்க தான். ஏமன்ல போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வெளிநாட்டுக்காரங்க பெரும்பாலும் அபுதாபில இருந்து வாரத்துக்கு ஒன்னு ரெண்டு ஃப்ளைட்ல தான் போனாங்க, விசாவும் டூர் கம்பெனி மூலமா தான். அந்த ஏற்பாடு அரசியலை நம்பி இருக்கு, எப்ப வேணா நிக்கும், நீங்க தீவுல இருக்கறப்பவே கூட நிக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து பேய் மாதிரி அடிக்கும், அந்த மாசமெல்லாம் அவுட். சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ் ஏமன்னாலே கை விரிச்சிடும். ஃப்ளைட்டோட சேத்தா செலவு ரெண்டாயிரம் டாலரை ஈஸியா தாண்டிடும், அதுவும் பெரும்பாலும் டென்ட்ல படுத்துக்கிட்டு.

இதையெல்லாம் விட பெரிய விஷயம் ஒன்னு, ரீல்ஸ் போடறவங்க யாரும் சொல்றதில்ல. இந்தியக் குடிமக்கள் ஏமனுக்குப் போகக் கூடாதுன்னு 2017லயே நம்ம வெளியுறவுத் துறை தடை போட்டாங்க, சொந்தக்காரங்களைப் பாக்கப் போறதுக்கே டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் அனுமதி வாங்கின கதை பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. சொகோத்ரா சட்டப்படி ஏமன் தான். மீறினா பாஸ்போர்ட்டுக்கே ஆபத்து. அதனால டூர்காரர் "அதெல்லாம் ஒன்னும் இல்ல சார், நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா நம்பாதீங்க, தடை இன்னும் இருக்கான்னு அமைச்சகத்துகிட்டயே எழுத்துல கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. (இதுல கிண்டல் என்னன்னா அந்தத் தீவுல ஹோக்னு ஒரு குகைல ஆயிரத்தி ஐநூறு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வந்துபோன இந்திய வியாபாரிங்க பிராமில தன் பேரைக் கிறுக்கி வெச்சிருக்காங்க, பெரும்பாலும் குஜராத் பக்கத்து ஆளுங்க. அவங்களுக்கு விசாவும் இல்ல, தடையும் இல்ல.)

கல்ஃப்ல வேலை பாக்கறவங்களுக்கு ஒரு மாத்து வழி இருக்கு, ஓமன்ல சலாலா. சொகோத்ராவுக்கு ஒன்னுவிட்ட தம்பின்னு சொல்லலாம், அதே தென்மேற்குக் காத்து, அதே மூடுபனி. சலாலால இருந்து வடக்கே காரை எடுத்தா கொஞ்ச நேரத்துல வாடி தவ்கா, குந்திரிக்க மரம் வரிசையா நிக்கற வறண்ட ஓடை, இதுவும் யுனெஸ்கோ இடம் தான். பட்டையைக் கத்தியால லேசா செதுக்கினா பால் மாதிரி சொட்டு வரும், அது காத்துல காஞ்சு கட்டியானதும் சுரண்டி எடுக்கறாங்க. மிர்பாத் பக்கம் வாடி ஹின்னால, ஆப்பிரிக்கால பருத்த அடிமரத்தோட நிக்குமே, அந்த பாவோபாப் மரமே இருக்கு, அரேபியால பாவோபாப்னா நம்ப முடியுதா! டிராகன் மரத்தோட சொந்தக்காரன் ஒருத்தனும் தோஃபார் மலைல இருக்கான், ஆனா அவனைப் பாக்க மலை விளிம்புல அலையணும், குடை ஷேப்பும் அவ்ளோ கச்சிதமா இருக்காது. பஹ்ரைன்ல இருக்கறவங்க "ட்ரீ ஆஃப் லைஃப்" பாத்திருப்பீங்க, சுமார் 400 வருஷ மரம், சுத்தி ஒன்னுமே இல்லாத மணல்ல ஒத்தையா. அது வேற எதுவும் இல்ல, விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா இருக்கே, அதே வன்னி மரம் தான். சும்மா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இப்ப நமீபியா. இதுக்கு நான் ஓட்டு போடறதுக்குக் காரணம், ஒரே ரவுண்ட்ல தண்ணி இல்லாத பிரச்சனைக்கு மூணு வேற வேற பதிலைப் பாக்கலாம்.

முதல் பதில் கீட்மான்ஸ்ஹூப்ல. தலைநகர் விண்டூக்ல இருந்து தெக்க சுமார் 500 கிலோமீட்டர், முழுக்க தார் ரோடு. ஊருக்குக் கொஞ்சம் வெளிய ஒரு பண்ணைக்குள்ள குவிவர் ட்ரீ ஃபாரஸ்ட், 250 மரம் போல கருப்புப் பாறைங்களுக்கு நடுவுல நிக்கும், 1995ல தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்சாங்க. இது உண்மைல கத்தாழை, கத்தாழை மரமாகி ஏழெட்டு மீட்டர் வளந்தா எப்படி இருக்குமோ அப்படி. தண்டுக்குள்ள நார் நாரா பஞ்சு மாதிரி இருக்கும், அதுல தான் தண்ணி சேமிப்பு. சான் மக்கள் கிளையைக் குடைஞ்சு அம்பறாத்தூணி செய்வாங்க, பேரு வந்ததே அதனால தான். பட்டை பொன் கலர்ல பாளம் பாளமா உரியும், ஓரம் எல்லாம் பிளேடு மாதிரி, ஆசையா தடவிப் பாக்கப் போய் கையைக் கிழிச்சுக்காதீங்க. கிளை மேல வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கறது வெயிலைத் திருப்பி அடிக்கறதுக்கு. பஞ்சம் முத்திப் போனா மரமே தன் கிளையை நுனியோட கழட்டி விட்டுடும், தண்ணி செலவைக் குறைக்க. வெட்டின மாதிரி மொட்டையா நிக்கற கிளை பாத்தீங்கன்னா அது தான்.

ரெண்டாவது, ஸ்வாகோப்முண்ட் பக்கத்துல வெல்விட்ஷியா. போட்டோக்கு மூஞ்சியே கிடையாது, குப்பைக் குவியல் மாதிரி தரையோட கிடக்கும். ஆனா அதுக்கு ஆயுசு முழுக்க ரெண்டே இலை தான், அந்த ரெண்டும் அடியில இருந்து வளந்துக்கிட்டே இருக்க, நுனி காஞ்சு கிழிஞ்சு நாரா பறக்கும். ஆயிரம் வருஷம் தாண்டினதெல்லாம் இருக்கு. கூட வர்றவங்க "இதுக்கா இவ்ளோ தூரம்"னு கேப்பாங்க, கேக்கட்டும்.

மூணாவது டெட்வ்லே (Deadvlei), இது செத்துப்போன மரங்க. ஆத்துத் தண்ணி வந்துட்டிருந்த இடத்தை மணல்மேடு மறிச்சிடுச்சு, கேமல்தார்ன்னு சொல்ற முள்மரங்க சுமார் 600, 700 வருஷம் முன்னாடி காஞ்சு செத்துச்சு, மக்கறதுக்குக் கூட அங்க ஈரம் இல்லாததால இன்னும் நட்டுக்குத்தலா நிக்குது. வெள்ளைக் களிமண் தரை, கருப்பு மரம், பின்னாடி செங்கல் கலர் மணல்மேடு. கல்லாயிடுச்சுன்னு சில பேர் சொல்வாங்க, இல்ல, வெறும் மரக்கட்டை தான், அதனால சாஞ்சு போஸ் குடுக்காதீங்க. அந்தப் பார்க்குக்கு நுழைவாயில் செஸ்ரியம், அந்தக் கேட்டுக்கு உள்ள இருக்கற கேம்ப்ல தங்கினா சூரியன் வர்றதுக்கு முன்னாடியே கிளம்ப விடுவாங்க, வெளிய தங்கினா சன்ரைஸுக்குத் தான் கேட் திறக்கும், அங்கிருந்து 60 கிலோமீட்டர் போறதுக்குள்ள நல்ல லைட் போயிடும். காசு கொஞ்சம் அதிகமானாலும் உள்ளயே தங்குங்க, இந்த ஒரு விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம்.

தொல்லை இல்லாம இல்ல. கீட்மான்ஸ்ஹூப் தாண்டினா பாதிக்கு மேல சரளைக்கல் ரோடு, டயர் பஞ்சராகறது சகஜம், ஸ்பீடா போய் வண்டி கவுறதும் சகஜம். நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டணும்ங்கறது ஒரு நிம்மதி. சைவம் சாப்பிடறவங்க விண்டூக்லயே பருப்பு, அரிசி வாங்கி வண்டில போட்டுக்கணும். ஃபோர் வீல் டிரைவ் வாடகை தான் பெரிய அடி, நாலு பேர் பிரிச்சா தாங்கும். ஃப்ளைட் ஜோஹன்னஸ்பர்க் இல்ல அடிஸ் அபாபா மாறிப் போகணும், நீளமான பயணம் தான்.

ஜோஷுவா ட்ரீ பத்தி அவ்ளோ பேச வேண்டியதில்ல, எல்லாமே ஈஸிங்கறதால. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து ரெண்டரை மணி நேரம், ட்ராஃபிக் இல்லன்னா. பார்க்குக்குள்ள தார் ரோட்லயே மரம் வரிசையா வரும், குழந்தை குட்டியோட, வயசான அம்மா அப்பாவோட போறதுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. மரம் யூக்கா வகை, கிறுக்குத்தனமா கை தூக்கி நிக்கும். நுனில பூ வந்தா இல்ல நுனி அடிபட்டா தான் கிளை பிரியும், அதனால பூக்காத மரம் ஒத்தைக் கம்பமாவே நிக்கும். மகரந்தச் சேர்க்கைக்கு யூக்கா அந்துப்பூச்சி ஒன்ன விட்டா வேற நாதி இல்ல, அந்தப் பூச்சிக்கும் இந்த மரத்தை விட்டா வேற வீடு இல்ல. இங்கயும் கவலை தான், 2020 ஆகஸ்ட்ல பக்கத்து மொஹாவி ப்ரிசர்வ்ல மின்னல்ல பிடிச்ச தீ 13 லட்சம் மரத்தைக் காலி பண்ணிடுச்சு. பார்க்குக்குள்ள தண்ணியும் போன் சிக்னலும் கிட்டத்தட்ட இல்ல, ஆளுக்கு நாலு லிட்டர் எடுத்துக்கங்க. சோயான்னு (cholla) முள் ஒட்டிக்கற ஒரு கள்ளி வகை, அந்தக் காட்டுல இறங்கினா பையில ஒரு சீப்பு இருக்கணும், அந்த முள்ளு செருப்புல ஒட்டினா கையால எடுக்க முடியாது. ரெண்டு நாள் கூட இருந்தா அரிசோனா டூசான் போய் சகுவாரோவும் பாத்துடுங்க, அந்தக் கள்ளிக்குக் கை முளைக்கவே 50, 75 வருஷம் ஆகும்.

இப்ப நேருக்கு நேர் வெச்சா, வயசு விஷயத்துல மூணும் ஒரே கேஸ். டிராகன் மரம், குவிவர், ஜோஷுவா மூணுமே நம்ம பனை, தென்னை மாதிரி ஒருவித்திலைத் தாவரம், வெட்டிப் பாத்தாலும் வருஷ வளையம் இருக்காது, அதனால "ஆயிரம் வருஷ மரம் சார்"னு கைடு சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. ராத்திரி வானத்துக்கு நமீபியா, போட்டியே இல்ல, ஜோஷுவால ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் வெளிச்சம் தெரியும். மனுஷங்களோட பழகணும்னா சொகோத்ரா, அங்க மரம், ஆடு, வீடு எல்லாம் ஒன்னா இருக்கும், மத்த ரெண்டு இடத்துலயும் கேட்டும் டிக்கெட்டும் தான். சின்னப் பசங்கன்னா கண்ணை மூடிட்டு கலிஃபோர்னியா. மலேசியா, கனடா பாஸ்போர்ட் இருக்கற நம்மாளுங்களுக்கு நம்ம தடை பொருந்தாது, ஆனா அவங்க அரசாங்கத்தோட எச்சரிக்கையையும் இன்சூரன்ஸையும் படிச்சுட்டு முடிவு பண்ணட்டும்.

நமீபியான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஜூன், ஜூலைல போங்க, குவிவர் மரம் மஞ்சளா பூக்கறது அப்ப தான், பகல்ல வெயிலும் தாங்கும், ராத்திரி குளிர் மட்டும் எலும்பு வரைக்கும் போகும், அதனால ஸ்லீப்பிங் பேக் நல்லதா பாத்து எடுங்க. செஸ்ரியம் உள்ள கேம்ப் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், ஃப்ளைட்டுக்கு முன்னாடி அதை புக் பண்ணுங்க. வண்டி எடுக்கறப்ப ஸ்பேர் டயர் ரெண்டு கேளுங்க, ரெண்டையும் இறக்கிக் காத்து இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.