இஸ்திரிப் பெட்டி செய்யாத குற்றம்

ஈரோடு பக்கம் எங்கள் வீடு. ஆறு வருஷத்துக்கு முன் வயரிங்கை மாற்றியபோது மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் வீட்டு லைனையே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை வைத்தோம். முதல் வருஷம் அது இருப்பதே தெரியவில்லை. அடுத்த ஏப்ரலில் ஆரம்பித்தது வம்பு. சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்தால் படக்கென்று அது விழுந்து மொத்த வீடும் அணைந்துவிடும். தினமும் அல்ல. சில நாள் நாலு சட்டை முடியும் வரை ஒன்றும் ஆகாது, சில நாள் பிளக்கைச் சொருகிய கையோடு விழும்.

பெட்டியைக் கடையில் காட்டினேன். காயில் நன்றாக இருக்கிறது என்றார்கள். நம்பாமல் புதுசு வாங்கினேன். அதற்கும் விழுந்தது. வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், "ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சுங்க, இப்போதைக்கு டைரக்டா கொடுத்துடறேன், புதுசு அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். ட்ரிப்பர் என்றது ஆர்சிசிபியைத்தான். அதை விட்டுவிட்டு நேராக இணைக்கச் சரி என்று தலையாட்டினேன். இந்த ஆறு வருஷத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

பதினோரு நாள் நிம்மதி. ஜூன் மாதம் ஒரு மழை நாளில், காய்ச்சலிலிருந்து எழுந்த அம்மா வெந்நீருக்காக கீசரைப் போட்டார். மார்ச்சுக்குப் பிறகு யாரும் தொடாத கீசர். "தம்பி, குழாயைத் தொட்டா சுர்ருங்குதுடா" என்று குரல் வந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், குழாயில் எரிந்தது. கசியும் கரண்டை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் குழியும் வெயிலில் காய்ந்து கிடந்திருக்கிறது. ட்ரிப்பர் இருந்திருந்தால் கீசரைப் போட்டதுமே விழுந்திருக்கும்.

கீசரைக் கழற்றினால் காயில் முழுக்கச் சுண்ணாம்புப் பொருக்கு, ஓரிடத்தில் உறையே வெடித்திருந்தது. போர் தண்ணீரின் கைங்கரியம். உறைக்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுக்கும். கோடையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்போது இன்னும் ஊறும்.

ஓடாத கீசருக்காக இஸ்திரி போடும்போது ஏன் விழுந்தது? எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. சாதாரண சுவிட்ச், கரண்ட் வரும் வயரான ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கீசருக்குள் தொட்டபடியே இருக்கும். காயிலில் ஓட்டை விழுந்துவிட்டதால் அந்த நியூட்ரல், தண்ணீர் வழியாக எர்த்தோடு சேர்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி மாதிரி பெரிய லோடு ஓடும்போது, திரும்பி வரும் கரண்டில் கொஞ்சம் இந்தக் குறுக்கு வழியில் எர்த்துக்குப் போய்விடும். ஆர்சிசிபி பார்ப்பது ஒரே கணக்கு: ஃபேஸில் போனது அவ்வளவும் நியூட்ரலில் திரும்பியதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கட்டாயம் விழும், 15ஐத் தாண்டினாலே விழலாம். யார் வீட்டுக் கணக்கு உதைக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழி இஸ்திரிப் பெட்டிக்கு.

காயிலை மாற்றி, ஆர்சிசிபியைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. பழையதுதான், அது வீக்காகவே இல்லை. கீசருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போட்டேன். அன்றிலிருந்து எது விழுந்தாலும் சுவிட்சை நம்புவதில்லை. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகுவேன்.

மூன்று வருஷம் கழித்து ஃபிரிட்ஜ். ராத்திரியில், ஒரு நாள் ஒரு மணி, இன்னொரு நாள் நாலு மணி. காலையில் பார்த்தால் பால் புளித்திருக்கும். விழுந்த நேரத்தைக் காலண்டரில் குறித்து வந்தேன். சொருகினால் ஓடும், மணிக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் விழும். பனி கட்டாத வகை ஃபிரிட்ஜில் பனியை உருக்கும் ஹீட்டர் ஒன்று உண்டு. கம்ப்ரெசர் பல மணி நேரம் ஓடிய பிறகுதான் அதற்கு முறை வரும், லீக்கேஜ் அதில்தான். பார்க்க வந்தவர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் விழாது என்றார். விழாதுதான், ஆனால் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கரண்ட் நிற்கும். ஒரு தடவை வாங்கியது போதும் என்று ஹீட்டரை மாற்றச் சொல்லிவிட்டேன்.

லோடு கூடினால் லைனைத் துண்டிக்கும் சமையலறை எம்சிபி விழுவது வேறு கதை. அது 16 ஆம்பியர். இண்டக்ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1300 எல்லாம் சேர்ந்து ஓடினால் கிட்டத்தட்ட 21 ஆம்பியர். உடனே விழாது, சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழும். பண்டிகை நாளில்தான் தெரியும். 32 ஆம்பியர் எம்சிபி போட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. சுவருக்குள் இருப்பது அத்தனை தாங்கும் வயர் இல்லையே! 16க்கு விழ வேண்டியது 32 வரை விழாமல் இருந்தால் வயர்தான் வேகும். இண்டக்ஷனுக்குத் தனி லைன் இழுத்தேன், அதோடு தீர்ந்தது.

மாதம் பிறந்தால் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குகிறேன். டிவி அணைந்துவிடும் என்பதால் வீட்டில் திட்டு விழும். போன வாரம் இடி இடித்தபோது தானாக விழுந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தூக்கினேன், விழாமல் நின்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினேன், இஸ்திரிப் பெட்டியைக் கடைசியாக.