எச்சரிக்கை: கணினி வேகமாகிவிட்டது என்பதற்காக எஸ்எஸ்டி போட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எஸ்எஸ்டி என்பது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புக் கருவி. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் உரிய இடத்துக்குப் போய்விட்டது.

நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் 2016-இல் வாங்கித் தந்த மேசைக் கணினியில்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கை எழுதி வந்தேன். 2025-இல் அது மிகவும் மந்தமாகிவிட்டது. காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்த் தேநீர் கலக்கிக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்கூடத் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் முதல் வாரத்தில் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்காமலேயே, "ஹார்ட் டிஸ்க் வீக் அங்கிள், எஸ்எஸ்டி போடணும். 14-ஆம் தேதிக்கு அப்புறம் விண்டோஸ் 10 ஓடாது, 11 போட்டே ஆகணும்" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை என்பதுதான் என்னை ஏமாற வைத்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடியெடுக்கிறது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லாததால், ஒன்பது வயதுக் கணினிக்குக்கூட அது புத்துயிர் தரும். இரண்டாவது பாதி வெறும் பயமுறுத்தல். 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது விண்டோஸ் 10-க்கான ஆதரவை மட்டுமே. கணினி வழக்கம்போல ஓடும். மேலும், விண்டோஸ் 11-க்கு ஏற்றவையென அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. என் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை.

எஸ்எஸ்டிக்கு 250 வெள்ளி (ரிங்கிட்), 'ஒரிஜினல்' விண்டோஸுக்கு 150, கூலி 80 என்று மொத்தம் 480 வெள்ளி கொடுத்தேன். ரசீதில் 'ரிப்பேர் பிசி - 480' என்று ஒரே வரிதான் இருந்தது. முப்பது ஆண்டுகள் பிறருடைய ரசீதுகளைச் சரிபார்த்தவன், என் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கடையில் போட்டுக் காட்டியபோது கணினி அவ்வளவு விரைவாக எழுந்தது. தீபாவளி நெருங்குகிறதே என்று கடைப் பையனுக்குப் பத்து வெள்ளி அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) வேறு கொடுத்தேன். 480 வெள்ளியைவிட அந்தப் பத்து வெள்ளிதான் இன்னமும் உறுத்துகிறது.

மூன்று வாரத்தில் பழைய கதையே திரும்பியது. திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகமும் முளைத்தது. ஈப்போவில் வேலை செய்யும் என் தங்கை மகன் வந்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, கணினியில் என்ன இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதன் கீழ் 'எச்டிடி', அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் என்றே இருந்தது. எஸ்எஸ்டி இருந்திருந்தால் அங்கேயே 'எஸ்எஸ்டி' என்று காட்டியிருக்கும். 8 ஜிபியாக இருந்த ரேமும் (கணினியின் தற்காலிக நினைவகம்) 4 ஜிபியாகச் சுருங்கியிருந்தது. பிறகு பெட்டியைத் திறந்தோம். ஹார்ட் டிஸ்க்கின் திருகாணிகளின் மேல் சிலந்தி நூல் அறுபடாமல் இருந்தது. ரேம் செருகும் இரண்டு இடங்களில் ஒன்று காலியாக இருக்க, அதைச் சுற்றிப் படிந்திருந்த தூசியில் விரல்தடம் மட்டும் புதிதாகத் தெரிந்தது.

அப்படியானால் கடையில் எப்படி வேகமாக ஓடியது என்று கேட்டேன். டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலே, ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்து கணினி எழும்போதெல்லாம் கூடவே எழுந்துகொண்டிருந்த நிரல்கள் போய்விடுவதால், சில நாள் பறக்கும் என்றான். அப்டேட்டுகள் இறங்கி, வைரஸ் சோதனை பின்னணியில் ஓடத் தொடங்கியதும் பாதி ரேமும் பழைய டிஸ்க்கும் திணறிவிடுமாம். 'ஒரிஜினல்' விண்டோஸும் பொய். கணினியோடு வந்த ஹோம் பதிப்புக்கு ஏற்கெனவே உரிமம் இருக்க, புரோ பதிப்பை உரிமமில்லாமல் ஏற்றியிருந்தார்கள்.

கோப்புகளை நகலெடுத்துவிட்டோம் என்று கடையில் கொடுத்த பென்டிரைவை அப்போதுதான் செருகிப் பார்த்தேன். கணக்குக் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஓரிரு கிலோபைட்டுதான். முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிகளை மட்டும் நகலெடுத்துவிட்டு, டி டிரைவில் இருந்த உண்மையான கணக்கை ஃபார்மட்டில் அழித்திருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்களே அங்கிள், வாரண்டி போச்சு" என்றார். பெட்டியைத் திறப்பதற்கு முன் எடுத்த டாஸ்க் மேனேஜர் திரையின் படத்தைக் காட்டியதும், பையன் மாற்றி வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நூறு வெள்ளியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஆகவே, கணினியைக் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், ரேம் இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அதே பக்கத்தைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். ரசீதில் பாகத்தின் பெயர், கொள்ளளவு, விலை தனித்தனியாக இல்லாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன், கோப்புகளை நீங்களே நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஈப்போவில் 130 வெள்ளிக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கி, தங்கை மகனே பொருத்தினான். விண்டோஸ் 10-ஐயே மீண்டும் ஏற்றி, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும்படி பதிவும் செய்து கொடுத்தான். இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை (படிவத்தை) நிரப்பி ஐந்து வெள்ளி கட்டியிருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, அது எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம். அந்த ஒற்றை வரி ரசீதுதான் என் பக்கத்துப் பலவீனம். அந்தத் திரையை எடுத்த படங்களை நம்பியிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதுவரை, கோயில் ரசீதுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு 2017-இலிருந்து கணக்கைத் திரும்பவும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு 2019 ஆடித் திருவிழா வரை வந்திருக்கிறேன்.