சென்னை மாடியில் ஜிப்சோ: எந்தச் செடி பூக்கும்?

பூக்கடைகளில் ஜிப்சோ என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தப் பொடி வெள்ளைப் பூவை வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால் எந்த ஜிப்சோ என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பொக்கேயிலும் கல்யாணப் பெண்ணின் ஜடையிலும் வைப்பது பெரும்பாலும் ஜிப்சோஃபிலா பேனிகுலேட்டா. விதைப் பாக்கெட்டில் அதிகம் கிடைப்பது ஜிப்சோஃபிலா எலிகன்ஸ். இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். ஜிப்சோவே இல்லாத மூன்றாவது ஒன்றும் என் மொட்டைமாடியில் நிற்கிறது.

பேனிகுலேட்டா பல வருஷம் வாழும் செடி. தடித்த ஆணிவேர் விட்டு, மூன்றடி வரை புதராக எழும்பும். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன். "கண்டிப்பா பூக்கும்க்கா, நல்லா வெயில்ல வைங்க" என்றார் கடையில் இருந்த தம்பி. வெயிலில்தான் வைத்தேன். இரண்டு வருஷம் சாம்பல் பச்சை இலையாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. இரண்டாவது ஐப்பசி மழையில் செடி சாய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வேரின் தோல் வழுவழுவென்று கையோடு உரிந்து வந்தது.

சென்னை வெயில்தான் காரணம் என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. பேனிகுலேட்டா நீண்ட பகலில் பூக்கிற செடி. பகல் 13, 14 மணி நேரத்துக்கு நீண்டால்தான் பூந்தண்டு ஒழுங்காக எழும்பும். ஐரோப்பியக் கோடையில் அதற்குக் குறைவே இல்லை. நமக்கோ ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஈக்வடாரிலும் கென்யாவிலும் பூப்பண்ணைக்காரர்கள் ராத்திரியில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். அங்கே மேட்டுநிலக் குளிரும் துணைக்கு இருக்கிறது. நாம் விளக்கு வேண்டுமானால் போடலாம், மே மாத ராத்திரிப் புழுக்கத்தை என்ன செய்ய முடியும்? தெரிந்திருந்தால் அந்தத் தொட்டிக்கு இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன்.

எலிகன்ஸ் ஒரு பருவச் செடி. ஒன்று, ஒன்றரை அடிதான் வளரும். பூ கொஞ்சம் பெரிது, ஐந்து இதழ், ஒற்றை அடுக்கு. பேனிகுலேட்டாவின் அந்தப் பனிமூட்ட அடர்த்தி இதற்கு வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதைத்த ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூத்துவிடும். சென்னையில் குளிர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பதே அவ்வளவு நாள்தான், அதற்குள் இதன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

மார்கழி பிறந்ததும் விதைக்கிறேன். பெருமழை ஓய்ந்து, ராத்திரி 21 டிகிரி அளவுக்கு இறங்கும் நேரம். முளைக்க அது போதும். விதை கடுகைவிடச் சிறிது, அதனால் மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்தினால் போதும். வளரும் இடத்திலேயே விதைத்துவிடுங்கள், பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும். முதல் முறை வெறும் கோகோபீட்டில் (தென்னைநார்த் தூள்) போட்டு, பாதி நாற்று அழுகிப்போனது. இப்போது செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் சம பங்கு. ஜிப்சம் என்ற சுண்ணாம்புச் சத்துக் கனிமத்தின் பெயரும் இதன் பெயரும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. பெயருக்கு ஏற்றபடி சுண்ணாம்பு மண்ணை விரும்பும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிய வைக்கும் போர்வெல் தண்ணீர் இதை ஒன்றும் செய்வதில்லை. கடலோரத்து உப்புத் தண்ணீர் மட்டும் ஆகாது. பூ மூன்று வாரம் போல நிற்கும், அதனால் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை விதைக்கிறேன். பங்குனி வெயிலோடு கதை முடிந்துவிடும்.

மூன்றாவது, யூஃபோர்பியா லூக்கோசெஃபலா. நர்சரியில் ஸ்னோ ஃப்ளேக் என்று கேட்டால் புரியும். ஆளுயரப் புதர், வெயிலுக்கு அசையாது, குச்சி நட்டாலே வரும். இது குறுகிய பகலில் பூக்கிற ஜாதி, பேனிகுலேட்டாவுக்கு நேர் எதிர். நம் டிசம்பர் பகல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. வெள்ளையாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். ராத்திரி இருட்டு கெடக் கூடாது. தெருவிளக்கு விழும் பக்கத்துக் கிளைகள் என் செடியில் பச்சையாகவே நின்றன. ஒடித்தால் வடியும் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள். தலையில் வைக்கவும் ஆகாது.

மாடி நிறைய வெள்ளை வேண்டுமென்றால், பராமரிக்க நேரமும் இல்லையென்றால், யூஃபோர்பியா போதும். ஜடைக்கும் பொக்கேவுக்கும் பேனிகுலேட்டாவைக் கோயம்பேட்டில் கட்டாக வாங்கிவிடுங்கள். பாதிப் பூ விரிந்த கட்டாகப் பார்த்து எடுத்து, மிச்சத்தைத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால் உலர்ந்தும் அழகு கெடாது. என் கைக்கு எலிகன்ஸ்தான். இந்த மார்கழிக்கு நான்கு க்ரோ பேக் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.