மணற்காற்று ஊரில் வினிகர், மைக்ரோஃபைபர், பூந்திக்கொட்டை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

துபாய், ஷார்ஜா, தோஹா பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். ஊரிலிருந்து வரும் இயற்கை கிளீனர் குறிப்புகளில் பாதி இங்கே எடுபடாது. அவை பிசுக்குக்கும் பாசிக்கும் சொல்லப்பட்டவை. இங்கே தொல்லை உலர்ந்த பொடி. எதை ஊற்றித் துடைத்தாலும், காய்ந்த பிறகு பரப்பில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பிசுபிசுப்பு மிஞ்சினால் நாளைய தூசி அங்கேதான் வந்து ஒட்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் மைக்ரோஃபைபர் துணிக்கும் வெறும் தண்ணீருக்கும். துணியை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, நாலாக மடித்தால் துடைக்க எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒன்று அழுக்கானதும் அடுத்ததுக்குத் திருப்புங்கள். இறகுத் துடைப்பான் தூசியைக் கிளப்பிவிடும். அரை மணியில் அது திரும்ப இறங்கிவிடும். துவைக்கும்போது சாஃப்ட்னர் சேர்க்கவே கூடாது. இழைகளின் மேல் படலமாகப் படிந்து, துணி தூசியைப் பிடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். டவலோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு முழுக்க இதில் ஒட்டும். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: இது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், ஒவ்வொரு சலவையிலும் பிளாஸ்டிக் இழை கொஞ்சம் சாக்கடைக்குப் போகும். மெஷின் நிறையச் சேர்த்து, குளிர்ந்த நீரில் துவைத்தால் குறையும். ஜன்னல் தடம், பால்கனி மாதிரி மண் அதிகமான இடங்களுக்குப் பழைய வேட்டித் துணியே போதும்.

தரைக்கு முதலில் வேக்கம் கிளீனர், பிறகுதான் ஈர மாப். நேரே மாப் போட்டால் பொடி சேறாகி டைல்ஸ் இடுக்குகளில் இறங்கும்; கோடுகள் பழுப்பாவது அதனால்தான். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, மார்பிளுக்கு ஏறக்குறைய 3. மாப்புக்கு அடியில் மணல் உருண்டால் பளபளப்பு போய்விடும். 4 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும், மாப் அலச இன்னொரு வாளி. அரை கப் ஊற்றுகிறவர்கள் வீட்டில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், காலில் ஒட்டும்.

கண்ணாடிதான் பெரிய வேலை. ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று நுண்தூசியைக் கொண்டுவந்து அப்பும். ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்திலும் குளிர்காலப் பனிமூட்டத்திலும் அது இரவில் நனைந்து, பகலில் காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகிவிடும். இந்தப் பக்கத்துத் தூசியில் கால்சியம் கார்பனேட்டும் உப்பும் இருப்பதே காரணம். சோலார் தகடுகளுக்கும் இதே பாடுதான். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். வெயில் படாத நேரத்தில், மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். ஈரத் துணியால் ஒருமுறை அழுத்தாமல் எடுங்கள். அதன் பிறகும் நிற்கும் வெள்ளைப் படிவுக்கு மட்டும் வினிகர்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத வெள்ளை வினிகர் 100 மில்லி. அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும். பிறகு நல்ல தண்ணீர் தெளித்து, வைப்பரால் இழுத்துவிடுங்கள். அலுமினியச் சட்டத்திலும் ரப்பரிலும் வினிகரை ஊற விடாதீர்கள். மாடி வீடுகளில் கை எட்டாத வெளிப்பக்கம் பில்டிங் ஆட்களின் வேலை, எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஜன்னல் தடத்தில் தண்ணீர் ஊற்றுவது பலரும் செய்வது. தடத்தின் வெளி ஓரத்தில் மழைநீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். மண் கரைந்து அவற்றை அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஒரு மழை பெய்தால் தண்ணீர் ஹாலுக்குள் வரும். வேக்கத்தின் ஒடுக்கமான முனையால் உறிஞ்சி, பழைய டூத்பிரஷ்ஷால் கிளறி, மறுபடி உறிஞ்சி, கடைசியில் ஈரத்துணி.

வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் மூன்றும் மார்பிளுக்கு ஆகாது. அதுவும் கால்சியம் கார்பனேட்தான். மங்கிய வட்டம் விழுந்தால் பாலிஷ் போடாமல் போகாது. கெட்டிலிலும் ஷவர் முனையிலும் படியும் வெள்ளைப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் அருமை: லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன், அரை மணி ஊறல். பேக்கிங் சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை வரும், அவ்வளவுதான். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது அநேகமாக சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். ப்ளீச்சோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் துணிக்கும் சிங்க்குக்கும் நல்லது. 1 லிட்டரில் பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை விதை நீக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்து நாறும். கண்ணாடியில் பழுப்புத் திரை விடும். வெல்லம், பழத்தோல், தண்ணீர் 1:3:10 என்று போட்டுப் புளிக்கவைக்கும் பயோ என்சைம் இந்த ஊருக்கு அவ்வளவாகத் தோதில்லை. புளிக்காமல் மிஞ்சிய சர்க்கரை தரையில் பிசுக்கும், எறும்பு வரும், பால்கனிச் சூட்டில் மூடி இறுகிய பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

வேக்கம் வாங்கினால் நுண்தூசியையும் பிடிக்கும் எச்13 தர ஹெப்பா ஃபில்டரும் கசியாத உடலும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நுண்தூசி பின்பக்கமாக அறைக்கே திரும்பும். கழுவக்கூடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை 24 மணி நேரம் காயவைத்தே மாட்டுங்கள், ஈரத்தோடு மாட்டினால் தூசி களிமண்ணாகி அடைத்துக்கொள்ளும். ஏசி வலையை ஷமால் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் மின்சாரமும் மிச்சம், வடிகுழாய் அடைத்துச் சுவரில் சொட்டுவதும் நிற்கும்.

இத்தனையும் தூசி உள்ளே வந்த பிறகு செய்வது. வாசற்கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் பிரஷ் பட்டை ஒட்டுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் ஓரப் பஞ்சுப்பட்டை தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பழையதை ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய் அகலம் பார்த்து வாங்க வேண்டும். ஜன்னல் திறப்பதானால் காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில். கோடை ஷமால் வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும்.