சிவப்புக் கண்ணாடி பைனாகுலர்: ஊட்டியில் வாங்குகிறவர்கள் கவனிக்க

சீசனுக்கு வருகிறவர்களும் சரி, இங்கேயே இருக்கிற நம் பிள்ளைகளும் சரி, பைனாகுலர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

என் தம்பி மகளுக்குப் பறவை பார்ப்பதில் அவ்வளவு ஆர்வம். கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு என்னோடு வருவாள். அவளுக்காகத் தம்பி ஊட்டியில் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து பைனாகுலர் வாங்கினான். மேலே 30×60 என்று பெரிதாக அச்சு. "முப்பது மடங்கு சார். ஃபாரின்ல வேட்டைக்குப் போறவங்க வச்சிருக்கிற ஐட்டம். ராத்திரியிலயும் தெரியும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முன்கண்ணாடி இரண்டும் ரத்தச் சிவப்பாகப் பளபளத்தன. பார்த்தால் ஏதோ உசத்தியான சரக்கு மாதிரிதான் இருக்கும்.

சோலைக்குள் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒன்று தாழ்வான கிளையில் வந்து உட்கார்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் வேறெங்கும் பார்க்க முடியாத குருவி. தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பெல்லாம் சுடர்விடும் ஆரஞ்சு. அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "பெரியப்பா, ஆரஞ்சே காணோமே, சாணிக் கலரா இருக்கு" என்றாள். என்னுடைய 8×42 பைனாகுலரை வாங்கிப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது.

காரணம் அந்தச் சிவப்புப் பூச்சுதான். கண்ணாடி சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். நம் கண்ணுக்கு வருவது சிவப்பு குறைந்த, பச்சை நீலம் ஏறிய படம். நல்ல லென்ஸில் பூச்சு இருப்பதே ஒளி வீணாகாமல் உள்ளே போவதற்கு. சாய்த்துப் பார்த்தால் மங்கலாகப் பச்சையோ ஊதாவோ தெரியும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்தேன். 30×60-இல் 60 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அளந்தால் 24. பிறகு பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வானத்துப் பக்கம் காட்டி, கண் வைக்கிற பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் சின்ன ஒளிவட்டம் தெரியும். அதன் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். முன்கண்ணாடி விட்டத்தை இந்த வட்டத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும்: 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8. ஆக, முப்பது மடங்கு என்று விற்றது ஏறக்குறைய 8×24. அந்த வட்டமும் வட்டமாக இல்லை, ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் தட்டியிருந்தது. உள்ளே இருக்கும் பட்டகம் (ப்ரிஸம்) பிகே-7 என்ற மலிவான கண்ணாடியில் செய்ததாக இருந்தால் அப்படி வரும். பாக்-4 என்ற நல்ல ரகக் கண்ணாடிப் பட்டகமாக இருந்தால் முழு வட்டம் தெரியும்.

நிஜமாகவே முப்பது மடங்கு இருந்திருந்தாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. பத்தைத் தாண்டினாலே கை நடுக்கம் படத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். இரவில் தெரியும் என்றதும் பச்சைப் பொய். இருட்டில் பார்க்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், இதில் பேட்டரி போட இடமே இல்லை.

தம்பியும் நானும் கடைக்குத் திரும்பப் போனோம். ஸ்கேலை வைத்துக் காட்டியதும் கடைக்காரர், "அண்ணே, கம்பெனில போட்டு வர்ற நம்பர், நாங்க என்ன பண்றது?" என்றார். பில் கேட்டதற்கு, துண்டுச் சீட்டில் 'பைனாகுலர் 3800' என்று கிறுக்கிக் கொடுத்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, எம்ஆர்பி இல்லை. கல்லாவுக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று போர்டு.

அந்த போர்டைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதும், பில்லில் கெடு எதுவும் போடாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். தம்பி ஜிபேயில் பணம் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த ரசீதும், ஸ்கேலோடு எடுத்த போட்டோவும்தான் இப்போது எங்கள் சாட்சி. இதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம்.

நம் மலைக்கு 8×42 அல்லது 8×32 போதும். சோலைக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் 42 இன்னும் நல்லது. 'வாட்டர்ப்ரூஃப், நைட்ரஜன் நிரப்பியது' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஜூன், ஜூலை ஈரத்தில் உள்பக்கம் ஆவி படியும், நாளடைவில் பூஞ்சை பிடிக்கும், துடைக்கவும் முடியாது. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டபடியே கண்ணில் வைத்து, படம் முழுதாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வாசலுக்கு வந்து தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிறகு தலைவலிதான்.

இதே சிவப்புக் கண்ணாடி, பெயர் இல்லாத இதே பெட்டி உங்களிடமும் இருந்தால், பணம் கட்டிய ரசீதோடு எனக்குச் சொல்லுங்கள். ஆணையத்துக்குப் போவதானால் சேர்ந்தே போகலாம்.